உங்கள் நாயோடு சேர்ந்து தெரப்பி ஜோடி ஆவது எப்படி?

பேச்சு குறைந்துபோன ஒரு பாட்டியின் மடியில் நாய் தலையை வைத்தால், அவர் கை தானாக அதன் காதைத் தேடும். தெரப்பி நாயின் வேலை அதுதான். பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் ஒருவருக்காக உழைக்கிறது; தெரப்பி நாய் உங்களோடு ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் என்று பலரைப் பார்க்கப் போகிறது. அதனால் தேர்வு உங்கள் இருவருக்கும்தான்.

1. குணம் பாருங்கள்

இனம் முக்கியமில்லை. என் பொன்னி குன்னூர் மார்க்கெட் பக்கம் கிடைத்த நாட்டு நாய். புதியவர் தொடுவதைப் பொறுத்துக்கொண்டால் போதாது, தானாக அவரிடம் போக வேண்டும். தெரப்பி ஜோடிகளைப் பதிவு செய்யும் அமெரிக்காவின் பெட் பார்ட்னர்ஸ் அமைப்பில் நாய்க்கு 1 வயது நிறைந்திருக்க வேண்டும், உங்களோடு 6 மாதமாவது இருந்திருக்க வேண்டும். நம் ஊருக்கும் நல்ல அளவுகோல்.

2. உடம்பு

வெறிநாய்த் தடுப்பூசி, குடற்புழு மருந்து இரண்டும் தவறக் கூடாது. தேயிலைத் தோட்டப் பக்கம் போய் வந்தால் காது மடலிலும் விரல் இடுக்கிலும் உண்ணி, அட்டை இருக்கிறதா பாருங்கள். கறிக்கடைக் கழிவைப் பச்சையாகப் போடாதீர்கள். அதிலுள்ள கிருமி நோயாளிகளுக்கு ஆபத்து. நகத்தை வெட்டிவிடுங்கள், வயதானவர்களின் தோல் லேசாகக் கீறினாலே கிழிந்துவிடும்.

3. பழக்கம்

உட்கார், படு, இரு, வா, விடு. இதில் 'விடு'தான் உயிர் காப்பது. ஆஸ்பத்திரித் தரையில் மாத்திரை விழுந்து கிடக்கும். வீட்டில் பிஸ்கட்டைத் தரையில் போட்டு, நாய் அதை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும்வரை பழக்குங்கள்.

அப்புறம் சத்தம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை நீராவி எஞ்சின் வருவது எங்களுக்கு வசதி. ஸ்டேஷனுக்கு வெளியே தூரத்தில் நின்று தொடங்கி, நாளுக்கு நாள் பத்து அடி நெருங்கினோம். வீட்டில் இருப்பவர்களை ஊன்றுகோலைக் கீழே போடச் சொன்னேன், தள்ளாடி நடக்கச் சொன்னேன். தேர்விலும் இப்படித்தான் சோதிப்பார்கள்.

4. நாயின் பேச்சைப் படியுங்கள்

இதற்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் 'போதும்' என்று சொல்வதுதான். உறுமிய பிறகு கூட்டி வந்தால் தாமதம். முதல் கொட்டாவியிலேயே எழுந்துவிடுங்கள். எதிரில் இருப்பவர் வருத்தப்பட்டாலும் சரி, நாயின் பக்கம் நிற்க உங்களை விட்டால் அங்கே ஆளில்லை.

5. தேர்வு

அந்நியரின் அணைப்பு, கூட்டத்தில் நடை, பக்கத்தில் வேறொரு நாய் என எல்லாம் வரும். நாய்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் நாய்களுக்கு நடத்தும் நன்னடத்தைத் தேர்வில் 10 கட்டங்கள். ஒன்றில் நீங்கள் 3 நிமிடம் மறைந்திருக்க வேண்டும். கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் தேர்வு வைப்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை போய்விடும்.

6. முதல் நாள்

முந்தின நாளே வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, அடிமயிர் வரை துவட்டுங்கள். நம் குளிரில் ஈரம் உள்ளேயே நிற்கும். ஒவ்வொருவரிடமும் 'நாய் பக்கத்தில் வரலாமா?' என்று கேட்டுவிட்டுப் போங்கள். பெட் பார்ட்னர்ஸ் ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல் விடுவதில்லை. புதிய நாய்க்கு இருபது நிமிடமே அதிகம். வெளியே வந்ததும் தண்ணீர் காட்டி, புல்லில் இஷ்டம்போல் மோப்பம் பிடிக்க விடுங்கள். பொன்னி வீடு வந்தால் சாயங்காலம் வரை தூங்குவாள், நான் எழுப்புவதில்லை.