ஜெர்மன் துணையை மணந்து ஜெர்மனிக்கு வருபவர்களுக்கு

ஜெர்மன் குடியுரிமை உள்ளவரை மணந்து தமிழ்நாட்டிலிருந்து இங்கே வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் துணைக்கு இது சொந்த நாடு. வங்கி, மருத்துவர், வாடகை ஒப்பந்தம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. "நீ கவலைப்படாதே, எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று அன்பாகத்தான் சொல்வார். உதவியை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் ஆவணங்களையும் பணத்தையும் மொழியையும் முதல் நாளிலிருந்தே உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலில் தாலி கட்டியது மட்டும் விசாவுக்குப் போதாது, பதிவுச் சான்றிதழ் வேண்டும். வெளிநாட்டவரை இந்தியாவில் மணப்பவர்கள் பெரும்பாலும் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ்தான் பதிவு செய்கிறார்கள். அதற்கு 30 நாள் அறிவிப்புக் காலம் உண்டு; இரண்டு வார விடுமுறையில் வந்து முடித்துவிட முடியாது. விசாவுக்குப் பொதுவாக ஏ1 ஜெர்மன் தேர்ச்சியும், அதாவது மொழியின் முதல் படியும், கேட்பார்கள். ப்ளூ கார்டில், அதாவது உயர்கல்வி பெற்ற வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில், இங்கே வேலை பார்ப்பவரின் துணைக்கு இந்த நிபந்தனை இல்லை. ஜெர்மன் குடிமகனின் துணைக்கு உண்டு. நண்பர் வீட்டில் கேட்டதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் மெனக்கெடுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாகவோ அப்பா பெயராகவோ இருக்கும். இங்குள்ள பதிவாளருக்கு அது புரியாது. குழந்தை பிறந்ததும் எந்தப் பெயரைக் குடும்பப் பெயராக எழுதுவது என்ற கேள்வி வரும். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கும்படி ஊரிலேயே சரிசெய்துவிடுங்கள்.

வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதை அன்மெல்டுங் என்பார்கள். அன்றைக்கே தபால் பெட்டியில் உங்கள் பெயரையும் ஒட்டிவிடுங்கள். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். வரி எண் முதல் காப்பீட்டு அட்டை வரை இங்கே எல்லாம் கடிதத்தில்தான் வரும். விசா முடியும்வரை காத்திருக்காமல், வந்த வாரமே வெளிநாட்டவர் அலுவலகத்தில் வதிவிட அட்டைக்கு, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டைக்கு, நேரம் கேளுங்கள். அந்த அட்டையோடு வேலைக்குப் போகவும் அனுமதி உண்டு. உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கு திறங்கள், சம்பளம் இன்னும் வராவிட்டாலும் சரி.

புதிதாக வருபவர்களுக்கு ஜெர்மன் மொழியையும் நாட்டையும் கற்றுத்தரும் இன்டக்ரேஷன் கோர்ஸைத் தள்ளிப்போடாதீர்கள். வழக்கமாக 700 மணி நேரம்: 600 மொழிக்கு, 100 நாட்டைப் பற்றி. அதில் கிடைக்கும் பி1 (நடுத்தர நிலை) சான்றிதழ்தான் பிறகு நிரந்தர வதிவிடத்துக்கும் குடியுரிமைக்கும் தேவைப்படும். வீட்டில் இருவரும் ஆங்கிலத்தில் பேசி ஓட்டிவிடலாம். ஆனால் மாமியாரும் குழந்தையின் ஆசிரியரும் ஜெர்மனில்தான் மனம்விட்டுப் பேசுவார்கள்.

இதைச் சொல்லப் பலர் தயங்குகிறார்கள், நான் சொல்லிவிடுகிறேன். பிரிந்தால் உடனே நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயமுறுத்தினால் நம்பாதீர்கள். இங்கே மூன்று ஆண்டு சேர்ந்து வாழ்ந்திருந்தால் பொதுவாகத் தனி வதிவிட உரிமை கிடைக்கும். வீட்டில் வன்முறை போன்ற கடும் இன்னல் இருந்தால் அந்த மூன்று ஆண்டும் தேவையில்லை. பெண்களுக்கான உதவி எண் 116 016. இரவும் பகலும் இலவசம், பல மொழிகளில் பேசுவார்கள். பாஸ்போர்ட் உங்கள் பையில்தான் இருக்க வேண்டும், துணையின் அலமாரியில் அல்ல.

குழந்தையிடம் பிறந்த நாளிலிருந்தே தமிழில் பேசுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குப் புரியவில்லையே என்று ஜெர்மனுக்கு மாறாதீர்கள். ஜெர்மனை உங்கள் துணையும் பள்ளியும் பார்த்துக்கொள்வார்கள். ஈழத்தமிழர்கள் பல நகரங்களில் வார இறுதியில் தமிழாலயம் என்ற தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்கள், அங்கே சேர்த்துவிடுங்கள். பெற்றோரில் ஒருவர் ஜெர்மன் என்பதால் குழந்தைக்குப் பிறப்பிலேயே ஜெர்மன் குடியுரிமை உண்டு. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. அதனால் ஜெர்மன் பாஸ்போர்ட் வந்ததும் ஓசிஐ அட்டைக்கு, அதாவது இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் இந்தியா வந்துபோக உதவும் அட்டைக்கு, விண்ணப்பித்துவிடுங்கள். ஊரில் பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் விசாவுக்குக் காத்திருக்காமல் பிள்ளையோடு கிளம்பலாம்.