செட்டிநாட்டு ஊர்களை இரண்டு நாளில் சுற்றிப் பார்க்கும் முறை

செட்டிநாடு என்ற பெயரில் ஓர் ஊரைத் தேடிப் புறப்படுவோருக்கு, கானாடுகாத்தானில் அப்பெயர் தாங்கிய ரயில் நிலையம்தான் அகப்படும். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள, நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்களின் தொகுப்புக்கே அந்தப் பெயர். முன்பு 96 ஊர்கள் என்பார்கள், இன்று எழுபது சொச்சம். ஆகவே காரைக்குடியில் தங்கி, ஊர் ஊராகப் போய் வருவதே தோதானது. சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் இரவுக்குள் வந்து சேரலாம்.

முதல் நாள் காலையைப் பிள்ளையார்பட்டிக்கே ஒதுக்க வேண்டும், ஏனெனில் நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். குடைவரைக்குள் பாறையிலேயே செதுக்கப்பட்ட கற்பக விநாயகரைத் தரிசித்துவிட்டு, திரும்பும் வழியில் குன்றக்குடி மலையேறலாம். மாலையில் காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீட்டைத் தெருவில் நின்று பார்த்தாலே போதும்.

இரண்டாம் நாள் ஆத்தங்குடியில் தொடங்குங்கள். அங்கே தரைக்கல் செய்யும் பட்டறையில், கண்ணாடித் தகட்டின்மேல் பூ வடிவ உலோக அச்சை வைத்து, அதன் கட்டங்களில் வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்கி, பின்புறம் மணலும் சிமெண்டும் இட்டு நிரப்புவார்கள். சூளை கிடையாது. காய்ந்த கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்துக் கண்ணாடியைப் பிரித்தால், அதன் வழவழப்பு கல்லில் அப்படியே தங்கியிருக்கும்.

அங்கிருந்து கானாடுகாத்தான். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1912-இல் கட்டிய அரண்மனையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, அனுமதி தரும் பழைய வீடு ஒன்றுக்குள் செல்லுங்கள். வாசலில் நின்றால் முகப்பு, வளவு எனப்படும் வானம் தெரியும் முற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி எனப் பார்வை நேராக ஓடிப் பின்தெரு வாசலில் முடியும். வளவைச் சுற்றியுள்ள அறைகள் மணமான மகன்களுக்கு ஒவ்வொன்றாக ஒதுக்கப்பட்டவை. வீடு பூட்டிக் கிடந்தாலும் கேட்பாரற்றது என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பலர் இருப்பார்கள், கல்யாணத்துக்கு அத்தனை பேரும் வந்து இறங்குவார்கள். காவலுக்கு இருப்பவரிடம் கேட்டு, செருப்பை வாசலில் விட்டு நுழையுங்கள். வயதான பெண்மணி இருந்தால் ‘ஆச்சி’ என்றழைத்துப் பேசினால், உள்கட்டுக் கதவும் பல நேரம் திறக்கும். பூசை அறையைப் படமெடுக்க வேண்டாம்.

காரைக்குடி திரும்பியதும் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பர்மா அரக்குப் பெட்டிகளைப் பார்க்கலாம்; வாங்குவதானால், மூடியைத் திறந்து உட்புறத்தில் அரக்கு உரிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.