கார் ஷெட் தரைக்கு எபாக்சி: கையைக் கடிக்காமல் நாமே பூசலாம்

எங்கள் கார் ஷெட் 10க்கு 20 அடி. 15 வருஷத்துச் சிமெண்ட் தரை. கூட்டக் கூட்ட மண்ணாக உதிரும், வண்டி நிற்கிற இடத்தில் தோசைக்கல் அளவுக்கு ஆயில் கறை. ஆள் வைத்துச் செய்ய விலை கேட்டுவிட்டு மலைத்துப்போய் நானே இறங்கினேன். முதல் தடவை பூசிய எபாக்சி (ரெசின் என்ற பிசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கலந்து பூசும் பெயிண்ட்) நாலே மாதத்தில் டயரோடு அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து வந்தது. பெயிண்ட்மேல் தப்பில்லை. தரையைச் சரியாகக் கழுவக்கூட இல்லாமல் பூசியிருந்தேன். இது இரண்டாவது தடவை செய்த முறை.

முதலில் ஒன்று. வெயில் படும் திறந்த போர்ட்டிகோவுக்கு எபாக்சி மட்டும் போதாது. மஞ்சளாகி, போகப்போகச் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டும். மேலே பாலியூரித்தேன் கோட் ஒன்று தேவைப்படும், பட்ஜெட் ஏறிவிடும். புதுக் கான்கிரீட் என்றால் 28 நாள் ஆறட்டும்.

ஈரம் பாருங்கள்

ஒன்றரை அடிச் சதுரத்தில் தடிமனான பாலிதீன் ஷீட்டைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். சாயங்காலம் 5 மணிக்கு ஒட்டினால் மறுநாள் காலை 9 மணிக்குப் பிரிக்கலாம், 16 மணி நேரமாவது கிடக்க வேண்டும். அடியில் நீர்முத்து கட்டியிருந்தாலோ தரை கருத்திருந்தாலோ வேலையை நிறுத்துங்கள். கீழிருந்து வரும் ஈரம் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். கோடையில் மறுபடி சோதித்தும் அதே கதை என்றால், பேசாமல் கடப்பா கல் போடுவது மேல்.

கறை, பிறகு சொரசொரப்பு

ஆயில் கறையை ஆசிட் எடுக்காது. டிகிரீசரோ, வாஷிங் சோடா கரைத்த வெந்நீரோ ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். நான் மூன்று தடவை தேய்த்தேன். காய்ந்ததும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சேப்பங்கிழங்கு இலைமேல் நிற்பதுபோல முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் உள்ளே இருக்கிறது.

அடுத்து, தரையின் மேலே படிந்து கிடக்கும் சிமெண்ட் பால் போக வேண்டும். வலுவில்லாத அந்த ஏட்டின்மேல் எதைப் பூசினாலும் ஏட்டோடு சேர்ந்து உரிந்துவிடும். டைமண்ட் கப் வீல் போட்ட கிரைண்டரை ஒருநாள் வாடகைக்கு எடுத்துத் தேய்ப்பதுதான் என் ஓட்டு. தடவினால் உப்புத்தாள் மாதிரி இருக்க வேண்டும். தூசு நுரையீரலுக்குக் கெடுதல், கைக்குட்டை கட்டிக்கொண்டு சமாளிக்காமல் என்95 மாஸ்க் போடுங்கள்.

கிரைண்டர் கிடைக்காதவர்கள் பாத்ரூம் ஆசிட் வாங்கலாம். பிளாஸ்டிக் வாளியில் 10 பங்கு தண்ணீர் எடுத்து, அதில் 1 பங்கு ஆசிட்டை ஊற்றுங்கள். ஆசிட்டில் தண்ணீர் ஊற்றவே கூடாது, தெறிக்கும். கண்ணாடி, ரப்பர் கையுறை கட்டாயம். காரும் சைக்கிளும் தூரமாக இருக்கட்டும், அந்தப் புகைக்கே இரும்பு துருப்பிடிக்கும். கலந்ததை ஊற்றியதும் தரை நுரைக்க வேண்டும். நன்றாகக் கழுவி, ஆப்பசோடா கரைத்த தண்ணீர் ஊற்றி, மறுபடி கழுவி, இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். பிறகு தெளிக்கும் தண்ணீரைத் தரை உடனே குடித்தால் தயார்.

விரிசல்களைக் கொஞ்சம் அகலமாக்கி எபாக்சி பட்டியால் அடைத்துத் தேய்த்துவிடுங்கள்.

எவ்வளவு வாங்குவது?

1 லிட்டர், காயும் முன் 100 மைக்ரான் (0.1 மில்லிமீட்டர்) கனம் இருக்கும்படி பூசினால் 10 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 107 சதுர அடிக்கு வரும். என் 200 சதுர அடிக்கு ஒரு கோட்டுக்கு 2 லிட்டர். பிரைமர் ஒன்று, மேல்கோட் இரண்டு என்று 6 லிட்டர், சொரசொரத் தரை குடிப்பதற்குக் கொஞ்சம் கூட. ஒரே டப்பாவில் வருவது நாம் பேசுகிற சரக்கு இல்லை. ரெசின் ஒன்று, ஹார்டனர் ஒன்று என்று ஜோடியாக வர வேண்டும். மினுக்குத் தூள், மெட்டாலிக் கலர் எல்லாவற்றையும் வெட்டுங்கள். பிரைமரை மட்டும் வெட்டாதீர்கள்.

கலக்கலும் பூசலும்

டப்பாவில் போட்டிருக்கும் விகிதம் எடைக்கா, அளவுக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணளவு வேண்டாம். ஹார்டனர் கூடினால் சீக்கிரம் காயும் என்பதெல்லாம் கதை, பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். வாளியின் ஓரத்தையும் அடியையும் வழித்து 3 நிமிஷம் கலக்குங்கள்.

முதல் தடவை உச்சிவெயிலில் மொத்தத்தையும் ஒரே வாளியில் கலந்துவிட்டுப் போன் பேசப் போனேன். திரும்பி வந்தால் வாளி தொட முடியாத சூடு, ஆவி பறக்கிறது. கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிட்டது. ரெசினும் ஹார்டனரும் சேரும்போது சூடு பிறக்கும். குவியலாக இருந்தால் அந்தச் சூடே இறுகலை விரட்டும். அந்த வாளி இன்று மொட்டைமாடியில் ஒரு செடித்தொட்டிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டராகக் கலந்து உடனே தரையில் ஊற்றிப் பரப்புங்கள்.

மழைக்காலம் வேண்டாம், தை கடைசியோ மாசியோ நல்லது. மாலை 4 மணிக்குத் தொடங்கினேன். காலையில் தரை சூடேற ஏற உள்ளே இருக்கும் காற்று விரிந்து பூச்சில் குமிழாக வரும். மாலையில் அந்தத் தொல்லை குறைவு. ஓரங்களைப் பிரஷ்ஷால் முடித்துவிட்டு, பின்சுவரிலிருந்து ஷட்டரை நோக்கி ரோலர் ஓட்டுங்கள். இல்லையென்றால் மூலையில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

பிரைமர் காய்ந்ததும் மறுநாள் முதல் கோட். அது ஈரமாக இருக்கும்போதே சலித்த சிலிக்கா மணலை லேசாகத் தூவினால் மழைக்காலத்தில் வழுக்காது. அடுத்த நாள் ஒட்டாத மணலைக் கூட்டிவிட்டு இரண்டாம் கோட். டப்பாவில் சொன்ன நேரம் தாண்டிவிட்டால் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத்தான் பூச வேண்டும்.

24 மணி நேரம் கழித்து நடக்கலாம். காருக்கு 7 நாள். எட்டாம் நாளும் ஹைவேயில் ஓடி வந்த சூட்டோடு ஏற்றாதீர்கள். டயர் ஆறும்வரை வண்டி வாசலிலேயே நிற்கட்டும்.