$ குறியையும் சேர்த்து காப்பி பண்ணாதீங்க!

டுடோரியல்ல இருக்கிற கமாண்டை அப்படியே காப்பி பண்றப்ப வர்ற குழப்பம் பத்திதான் இது. பைத்தான் இன்ஸ்டால் பண்ணியாச்சுன்னு வச்சுக்கிறேன். டெர்மினலை, அதாவது கமாண்ட் அடிக்கிற விண்டோவைத் திறங்க.

ஸ்டெப் 1: எதையும் டைப் பண்றதுக்கு முன்னாடி வரியோட தொடக்கத்தைப் பாருங்க. அங்க நீங்க அடிக்கிற கமாண்டை வாங்கி ஓட்டுற ப்ரோகிராம்தான் ஷெல். லினக்ஸ்ல பாஷ்ங்கிற ஷெல்னா பெரும்பாலும் $, மேக்ல 2019ல வந்த கேட்டலினாவுல இருந்து இசட் ஷெல்தான் டீஃபால்ட் அதனால %, விண்டோஸ்ல சி:\> மாதிரி ஏதாவது, பவர்ஷெல்னா அதுக்கும் முன்னாடி பிஎஸ்னு இருக்கும். இதுதான் ப்ராம்ப்ட். அது தானா வர்றது, நீங்க அடிக்க வேண்டியது அதுக்கு அப்புறம் இருக்கிறத மட்டும்தான்.

$ஐயும் சேர்த்து பேஸ்ட் பண்ணா பாஷ் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'னு கத்தும், பரவாயில்ல, கத்துச்சுன்னா தெரிஞ்சிடும்ல. மோசமானது #. ரூட் யூசரோட (சிஸ்டத்துல எல்லா அதிகாரமும் உள்ள அட்மின்) ப்ராம்ப்ட் அது, ஆனா பாஷ்ல நீங்களா # போட்டு ஆரம்பிச்சா அந்த வரி வெறும் கமெண்ட், அதாவது ஷெல் கண்டுக்காத குறிப்பு, எர்ரரும் வராது எதுவும் நடக்காது, வேலை முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சு அடுத்த ஸ்டெப்புக்குப் போயிடுவீங்க.

ஸ்டெப் 2: இப்ப 'பைத்தான்'னு அடிச்சு என்டர் தட்டுங்க (சில சிஸ்டம்ல பைத்தான்3). ப்ராம்ப்ட் >>> ஆயிடும். முக்கால்வாசிப் பேர் மாட்டறது இங்கதான். விண்டோ அதேதான், கருப்பு ஸ்க்ரீன் அதேதான், ஆனா இப்ப கேட்டுக்கிட்டு இருக்கிறது ஷெல் இல்ல, பைத்தான். இங்க 'பிப் இன்ஸ்டால்' அடிச்சா சின்டாக்ஸ் எர்ரர்தான் வரும், ஏன்னா பிப் (பைத்தான் பேக்கேஜ்களை இன்ஸ்டால் பண்ற டூல்) இன்ஸ்டால்ங்கிறது ஷெல்லுக்கான கமாண்ட், பைத்தான் கோட் கிடையாது. எக்ஸிட்() அடிச்சு வெளிய வாங்க, $ மாதிரி உங்க ஷெல்லோட ப்ராம்ப்ட் வந்துச்சான்னு பாருங்க, அப்புறம் பிப் ஓட்டுங்க. டுடோரியல்ல >>> இருந்தா பைத்தானுக்குள்ள, $ இருந்தா ஷெல்ல, அவ்ளோதான்.

விண்டோஸ்காரங்க பழைய கமாண்ட் ப்ராம்ப்ட்டை விட்டுட்டு விண்டோஸ் டெர்மினலுக்கு மாறிடுங்க, டேப் இருக்கு, ஒண்ணுல ஷெல் இன்னொண்ணுல பைத்தான்னு பிரிச்சு வச்சா குழப்பமே வராது. பைத்தானை நோண்டிப் பாக்க ஐபைத்தான் (கூடுதல் வசதியோட பைத்தான் கோடை அடிச்சுப் பாக்கிற ப்ரோகிராம்) என் சாய்ஸ், >>> சேர்த்து பேஸ்ட் பண்ணாலும் அதுவே நீக்கிக்கும்.

அப்டேட்: "வெறும் ... வருது, என்ன அடிச்சாலும் ரன் ஆகல"ன்னு கமெண்ட்ல கேட்டிருந்தாங்க. ஏதோ பிராக்கெட்டை மூடல, இல்ல இஃப், ஃபார் மாதிரி ஒரு பிளாக் பாதியில நிக்குது, மிச்சத்துக்காக பைத்தான் வெயிட் பண்ணுது. பிளாக்னா காலி வரியில ஒரு என்டர் போதும். பாஷ்ல மேற்கோள் குறியை மூடாம விட்டா இதே மாதிரி வெறும் > வரும், மைஎஸ்கியூஎல்ங்கிற டேட்டாபேஸ்ல கடைசி செமிகோலனைப் போடாம விட்டா -> வரும். மூணுக்குமே கன்ட்ரோல் சி அடிச்சா பழைய ப்ராம்ப்ட் வந்துடும், மைஎஸ்கியூஎல் பழைய வெர்ஷனா இருந்தா மட்டும் மொத்தமா வெளிய தள்ளிடலாம், அங்க \சி போடுங்க, சி மட்டும் இங்கிலீஷ்ல.