உடைந்த டூலை உடனே தூக்கிப் போடாதீர்கள்

திருவொற்றியூர், வியாசர்பாடி பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) வெட்டும் டூல் உடைந்தால், உடைந்த முகத்தை முதலில் பாருங்கள். இரண்டு துண்டையும் சேர்த்துவைத்துப் பொருத்திப் பார்க்க வேண்டாம், கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், ஏன் உடைந்தது என்று சொல்லும் தடயம் அழிந்துவிடும். நம் கடற்காற்றில் ஒரே ராத்திரியில் துரு ஏறும், அதனால் லேசாக எண்ணெய் தடவிச் சுற்றி வையுங்கள்.

அப்புறம் ஒரு 10 மடங்கு லென்ஸ் போதும். முகம் முழுக்கப் பளிச்சென்ற சாம்பல் நிறமா? கடைசியில் ஒரே மூச்சில் உடைந்திருக்கிறது. ஒரு மூலை மட்டும் கறுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால், பெரும்பாலும் குவென்ச்சிங்கிலேயே (காய்ச்சிய ஸ்டீலைச் சட்டென்று குளிரவைக்கும்போதே) விரிசல் விழுந்து, டெம்பரிங் (அதன்பின் மறுபடி மிதமாகச் சூடாக்குவது) சூட்டில் அது நிறம் மாறியிருக்கிறது. பாவம், மெஷின் ஓட்டுகிற பையனைத் திட்டிப் பயனில்லை. அந்த விரிசல் கூரான உள்மூலையில் தொடங்கியிருந்தால் டிசைனில் அங்கே கொஞ்சம் ரேடியஸ் (வளைவு) கொடுக்கச் சொல்லுங்கள்.

வெட்டுமுனையில் வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரிந்தால், அது கிரைண்டிங் (சாணை பிடிக்கும்போது ஏறிய) சூடு.

ஹீட் ட்ரீட்மெண்ட்காரரிடம் எத்தனை முறை டெம்பரிங் செய்தார் என்றும் கேளுங்கள். எம்2 என்ற எச்.எஸ்.எஸ். வகை ஸ்டீலுக்கு சுமார் 550 டிகிரி செல்சியஸில் குறைந்தது 2 முறை வேண்டும்.