மகன் முதுகில் கட்டி, எனக்குத்தான் காய்ச்சல்

மகனுக்கு 27 வயது. முதுகில் நெல்லிக்காய் அளவு கட்டி. "சின்ன ஆபரேஷன்தாம்மா" என்றான். எனக்கோ மூன்று நாள் தூக்கமில்லை. பக்கத்து வீட்டு மதினி வேறு, "கத்தி பட்டா பரவிரும்" என்று கிளப்பிவிட்டாள்.

சரி, கேட்டுவிடுவோம் என்று சந்தேகங்களைக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதி, பாளையங்கோட்டையில் டாக்டரிடம் நீட்டினேன். தோலுக்கடியில் பை மாதிரிக் கட்டியாம். பையோடு எடுக்காவிட்டால் திரும்ப வருமாம். அந்த இடத்துக்கு மட்டும் மரத்துப்போக ஊசி. எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். மதினி சொன்னதற்குச் சிரித்தார்.

அரை மணி நேரத்தில் வெளியே வந்து டீ கேட்டான், படுபாவி.

12ஆம் நாள் தையல் பிரித்தார்கள். அதுவரை தாமிரபரணியில் குளிக்கக் கூடாது என்றதுதான் அவனுக்குப் பெரிய தண்டனை. சாதாரணக் கட்டிதான் என்று ரிசல்ட் வந்த அன்று மத்தியானமே நான் தூங்கிவிட்டேன்.