ஏர் பெட்ல காத்து இறங்குதா? தூக்கி போடாதீங்க, ஓட்டைய கண்டுபிடிச்சு ஒட்டிரலாம்

சித்திரை திருவிழா வந்துட்டா மதுரையில நெறைய வீட்ல பரண்ல கிடக்குற ஏர் பெட்டு கீழ இறங்கிரும், அழகர் ஆத்துல இறங்குறத பாக்க வந்த அயித்தை மாமா பிள்ளைக எல்லாத்துக்கும் மொட்டை மாடியிலதான் படுக்கை. ராத்திரி கும்முனு இருந்த பெட்டு விடிகாலையில தரையோட தரையா கிடக்கும், உடனே போச்சு பஞ்சருன்னு ஓரங்கட்டிட்டு புதுசு வாங்க கிளம்பிடுறாங்க. தயவுசெஞ்சு அப்படி செய்யாதீங்க. ஒரு ஊசி ஓட்டைக்காக நல்ல பெட்ட குப்பையில போட வேண்டியதில்ல, அது பிவிசிங்குற பிளாஸ்டிக்கு, மக்கவும் செய்யாது. வீட்லயே ஒட்டிரலாம், ஆனா பொறுமை வேணும், ஒட்டு பிச்சுக்கிட்டு வர்றதுக்கு பெரும்பாலும் காரணமே அவசரந்தான்.

மொதல்ல அது ஓட்டைதானான்னு பாருங்க. காத்து சூட்டுல விரியும் குளுந்தா சுருங்கும், 40 டிகிரி சூட்டுல அடிச்ச காத்து விடிகாலை 28 டிகிரிக்கு வர்றப்ப கிட்டத்தட்ட 4 சதவீதம் சுருங்கிரும். கேக்க கம்மியாதான் தெரியும், ஆனா ஏர் பெட்டுக்குள்ள இருக்குற அழுத்தம் வெளிக்காத்த விட லேசா கூட, அம்புட்டுத்தான், அதனால இந்த 4 சதவீதத்துக்கே பெட்டு தொளதொளன்னு ஆயிரும். புது பெட்டா இருந்தா இன்னொன்னும் இருக்கு, பிவிசி மொத தடவை காத்த வாங்குறப்ப கொஞ்சம் இழுபட்டு பெருசாகும், மொத ரெண்டு மூணு ராத்திரி மறுபடி மறுபடி காத்தடிக்க வேண்டிதான் இருக்கும், அது பஞ்சர் இல்ல. சந்தேகம்னா வீட்டுக்குள்ள, சூடு ரொம்ப மாறாத ரூம்ல, நல்லா காத்தடிச்சு யாரும் படுக்காம ராத்திரி பூரா விட்டு பாருங்க. லேசா தளந்திருந்தா பரவாயில்ல. நடுவுல அமுக்குனா கை தரைய தொடுதுன்னா ஓட்டை இருக்கு.

அடுத்து வால்வு. எல்லாரும் பெட்டு பூரா தேடிட்டு கடைசியா இங்க வர்றாங்க, மொதல்ல இங்கதான் வரணும். மூடிய திறந்து உள்ள இருக்குற ரப்பர் வளையத்த பாருங்க, ஒரு தலைமுடியோ மாடி மண்ணோ ஒட்டியிருந்தாலே போதும், காத்து பைய போயிக்கிட்டே இருக்கும். ஈரத்துணியால தொடச்சு, வளையம் மடங்காம உக்காந்திருக்கான்னு பாத்து, மூடிய நேரா திருகி மூடுங்க. மூடுனதுக்கு அப்புறம் சுத்தி சோப்பு தண்ணி தடவுங்க, குமிழி வந்தா அதுதான் இடம். பெட்டோடவே மோட்டார் வச்சு வர்ற மாடல்னா அதுல இருக்குற திருகு குமிழ் சரியா மூடுற நிலைக்கு வந்திருக்கான்னும் பாருங்க. மோட்டார் பக்கம் தண்ணி படவே கூடாது, பிளக்க பிடுங்கிட்டு ஈர விரலால மட்டும் தடவி பாக்கணும்.

வால்வு நல்லா இருந்தா இனி ஓட்டைய தேடணும். பெட்ட முடிஞ்ச வரைக்கும் விறைப்பா காத்தடிச்சு, ஃபேனு டிவி எல்லாத்தையும் நிறுத்திட்டு, கன்னத்த ஈரமாக்கி ஒரு சாண் ஒரு சாணா நகத்தி பாருங்க, உள்ளங்கைய விட கன்னத்துக்கும் காதுக்கும்தான் அந்த லேசான காத்து விரசா தெரியும். பெரிய ஓட்டையெல்லாம் இதுலயே மாட்டிரும். ஊசி ஓட்டைன்னா சோப்பு தண்ணிதான். ஒரு மக்கு தண்ணியில ரெண்டு ஸ்பூன் பாத்திரம் வெளக்குற லிக்விட ஊத்தி நுரை வராம பைய கலக்கணும், முன்னாடியே நுரை இருந்தா எது ஓட்டையில வர்ற குமிழின்னு கண்டுபிடிக்க முடியாது. சலூன்ல தண்ணி அடிக்கிற பாட்டில் இருந்தா நல்லது, இல்லேன்னா ஸ்பாஞ்சால தடவுனா போதும். அடிப்பக்கத்துலதான் ஆரம்பிக்கணும், மாடியில சின்ன கல்லு, ஒடஞ்ச ஓட்டு சில்லு, அதுல இழுத்து போட்டப்ப கிழிஞ்சதுன்னு ஓட்டைக அங்கதான் கூட இருக்கும். அப்புறம் மடிச்சு வைக்கிற மடிப்பு ஓரம், அப்புறம் சுத்தி இருக்குற ஒட்டு தையல் ஓரம், மேல்பக்கம் கடைசி. மேல வெல்வெட்டு இருக்குற பெட்டுல சோப்பு தண்ணி எல்லா எடத்துலயும் நுரைக்கும், அதனால கொஞ்சமா தடவி ஒரே எடத்துல விடாம வளர்ற குமிழிய தேடணும். சேலை பின்னு, கொண்டை ஊசி, கொலுசு கொக்கி குத்துனது மேல்பக்கமா தலைமாட்டுலயும் கால்மாட்டுலயும்தான் இருக்கும். ஒருத்தர் அங்கிட்டு லேசா அமுக்க இங்கிட்டு ஒருத்தர் பாத்தா குமிழி நல்லா தெரியும்.

ஒரு ஓட்டை கிடைச்சதும் நிறுத்திராதீங்க. எலி கடிச்சதுன்னா பக்கத்து பக்கத்துல நாலஞ்சு இருக்கும். ஒவ்வொன்னையும் தண்ணிய தொடச்சிட்டு மார்க்கர்ல பெருசா வட்டம் போட்டு வைங்க, காத்த பிடுங்குனதுக்கு அப்புறம் வட்டம் இல்லாம அந்த எடத்த கண்டுபிடிக்கவே முடியாது.

இப்ப ஒட்டுற வேலை. வழக்கமா நம்ம எல்லாரும் சைக்கிள் பஞ்சர் சொலுஷனையும் ரப்பர் ஒட்டையும்தான் எடுப்போம், ஆனா அது ரப்பர் டியூபுக்கு உள்ளது. பழைய ரப்பர் துணி ஏர் பெட்டுன்னா அது ஒட்டும், இப்ப வர்ற பிவிசி பெட்டுல ஒட்டுன மாதிரி இருந்து பிச்சுக்கும். பிவிசிய வளையுற பதத்துக்கு கொண்டுவர பிளாஸ்டிசைசர்னு எண்ணெய் மாதிரி ஒன்னு கலந்திருப்பாங்க, அது கொஞ்சம் கொஞ்சமா மேல கசிஞ்சு ரப்பர் பசைய எளக்கி விட்ரும். ஃபெவிக்விக் காஞ்சதும் மொடமொடன்னு ஆகி பெட்டு வளையும்போது வெடிச்சிரும், எம்-சீலும் அதே கதைதான். தண்ணி குழாய் ஒட்டுற சொலுஷன் கெட்டியான பைப்புக்கு செஞ்சது, இந்த மெல்லிசு ஷீட்ட இளக்கி சுருக்கி விட்ரும். அயர்ன் பாக்ஸ வச்சு உருக்கி ஒட்டுற யோசனையே வேணாம், ஓட்டை பெருசாத்தான் ஆகும். பெட்டு வாங்குனப்ப டப்பாக்குள்ள ஒரு சின்ன ஒட்டு கொடுத்திருப்பாங்க, அத தேடி எடுங்க. இல்லேன்னா வினைல் ரிப்பேர் கிட்டுன்னு கேட்டு வாங்குங்க, வினைல்னா இந்த பிவிசிதான். அதுவும் கிடைக்கலேன்னா ரெக்சின் சீட் கவர் கடையில பின்னாடி துணி வச்சு ஒட்டாத மெல்லிசு வினைல் ஷீட்டு ஒரு துண்டு, பசைக்கு வினைல் ஒட்டுற பியூ (பாலியூரித்தேன்) பசை. டேப்பு அன்னைக்கு ராத்திரிய ஓட்டத்தான் ஆகும்.

காத்த பூரா பிடுங்கிருங்க, உள்ள காத்து இருந்தா பசை காயிறதுக்குள்ள ஒட்ட தூக்கிரும். சோப்பு போக ஈரத்துணியால தொடச்சு காய விட்டு, மெடிக்கல்ல விக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட்ட பஞ்சுல தொட்டு நல்லா தேயுங்க. நம்ம வீட்டு பெட்டுல தேங்காய் எண்ணெய் பிசுக்கு இல்லாம இருக்காது, அது கொஞ்சம் இருந்தாலும் ஒட்டு நிக்காது, அதனால இந்த எடத்துல மட்டும் சோம்பல் படாதீங்க. தின்னரு, நெயில் பாலிஷ் ரிமூவரு எல்லாம் பிவிசிய கரைக்கும், பக்கத்துலயே கொண்டு வராதீங்க. ஓட்டை வெல்வெட்டு பக்கம் இருந்தா ஒட்டு உக்கார்ற அளவுக்கு அந்த பூவ நைசு உப்புத்தாளால தேச்சு எடுத்து அடியில இருக்குற வழுவழு பிளாஸ்டிக் தெரிய வைக்கணும், பூ மேல ஒட்டுனா ஒட்டு பூவோட சேந்து உரிஞ்சு வந்துரும்.

ஒட்ட வட்டமா வெட்டுங்க, மூலை இருந்தா அந்த மூலையில இருந்துதான் கிளம்பும். ஓட்டைய சுத்தி எல்லா பக்கமும் ஒரு இஞ்சாவது கூட இருக்கணும். பசைய மெல்லிசா ரெண்டு பக்கமும் தடவி, டியூப்ல சொல்லியிருக்குற நேரம் விட்டு, நடுவுல இருந்து ஓரத்துக்கு அழுத்திக்கிட்டே வந்து காத்து குமிழிய வெளிய தள்ளுங்க. மேல பிளாஸ்டிக் பேப்பர் போட்டு, அதுக்கு மேல சமமான பலகை, அதுக்கு மேல அம்மிக்குழவியோ அரிசி மூட்டையோ வச்சு 24 மணி நேரம் தொடாதீங்க. பசை வாடை ஒத்துக்காது, தீயும் பிடிக்கும், ஜன்னல தொறந்து வச்சு பகல்லயே செய்ங்க, கரண்டு போச்சுன்னு மெழுகுவத்திய ஏத்தி வச்சுக்கிட்டு ஒட்டாதீங்க. மறுநாள் பாதி காத்து அடிச்சு சோப்பு தண்ணி தடவி பாத்துட்டு, அப்புறம் முழுசா அடிக்கணும்.

ஓரத்து தையல்ல விட்டுருந்தா ஒட்டு ரொம்ப நாள் நிக்காது, முயற்சி பண்ணலாம், நம்பி விருந்தாளிய படுக்க வைக்காதீங்க. நடுவுல மட்டும் பலாப்பழம் கணக்கா புடைச்சுக்கிட்டு வந்தா உள்ள மேலயும் கீழயும் இழுத்து பிடிக்கிற பட்டை பிஞ்சிருச்சுன்னு அர்த்தம், அத வெளிய இருந்து சரி பண்ண வழி கிடையாது.

ரெண்டு விஷயத்துல மட்டும் ஒட்டி சமாளிக்க நினைக்காதீங்க. கைக்குழந்தைய ஏர் பெட்டுல தூங்க வைக்கவே கூடாது, காத்து இறங்குனா மெத்து மெத்துன்னு குழிஞ்சு மூக்க அடைச்சிரும், ஓட்டை இல்லாத பெட்டுக்கும் இது பொருந்தும். இன்னொன்னு, படுத்த படுக்கையா இருக்குற பெரியவங்களுக்கு புண்ணு வராம இருக்க போடுற மோட்டார் ஏர் பெட்டு. அதுல ஓட்டை விழுந்தாலும் மோட்டார் ஓடிக்கிட்டே இருக்குறதால நமக்கு தெரியாது, தினமும் இடுப்பெலும்புக்கு நேரா பெட்டுக்கு அடியில கைய விட்டு பாருங்க, உடம்புக்கும் கைக்கும் நடுவுல ஒரு இஞ்சு காத்தாவது இருக்கணும். எலும்பு கையில தட்டுச்சுன்னா ஒட்டு காயிற வரைக்கும் காத்திருக்காம வேற பெட்டு வாடகைக்காவது எடுங்க, அதுவரைக்கும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பி படுக்க வைங்க.

அடுத்த தடவ மாடியில விரிக்கிறப்ப அடியில ஒரு ஜமுக்காளம் போட்டுருங்க, கோரைப்பாய்ன்னா ஓரத்து குச்சி குத்தும். எடுத்து வைக்கும்போது நல்லா காய வச்சு, கூரா மடிக்காம தொளதொளன்னு சுருட்டி, பரண்ல எலி வரும்னா மூடி போட்ட டின்னுக்குள்ள வைங்க.